வரணும்

எங்கள் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் பருத்திவிதை கேட்டு வந்த ஒருவரிடம் வாய் தவறி “இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன். தராசைக் கீழே போட்டு உடைத்தவளைப் பார்ப்பது போல என் கணவர் பார்த்தார். வந்தவர் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஏளா, கடையில நின்னுக்கிட்டு அந்தச் சொல்லச் சொல்லாத. வரணும்னு சொல்லு.”

அன்றிலிருந்து எல்லாம் வரணும்தான். துவரம்பருப்பு தீர்ந்தால் துவரம்பருப்பு வரணும். நல்லெண்ணெய் தீர்ந்தால் நல்லெண்ணெய் வரணும். எதிர்க் கடையிலும் அதுதான் பேச்சு. தூத்துக்குடியில் மளிகைக் கடைக்குப் போய் வந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘வரணும்’ என்றால் சரக்கு கிடையாது, அவசரமென்றால் வேறு கடை பார் என்று அர்த்தம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆன்லைன் வியாபாரத்தை ஆரம்பித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. யாரைத் திட்டலாம் என்று தேடும்போது வேறு ஆள் கிடைக்கமாட்டேன் என்கிறது, அதனால் சொல்கிறேன். பைபாஸ் பக்கம் ஏசி போட்ட பெரிய கடைகள் வந்த பிறகு எங்கள் கடைக்கு ஆள் வரத்து குறைந்தது. மத்தியான வேளையில் அவர் கல்லாவில் உட்கார்ந்து துறைமுகத்துக்குப் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சமயத்தில் தெருவில் ஒரு அம்மா, சென்னையில் இருக்கும் தன் மகளுக்குக் கருப்பட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். எங்களுக்கு உடன்குடிப் பக்கம் பழக்கமான இடத்திலிருந்து நல்ல கருப்பட்டி வரும். அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினேன். மகள் தன் ஆபீஸில் சொன்னாள். ஆபீஸ்காரர்கள் தங்கள் வீடுகளில் சொன்னார்கள். போனில் கேட்பவர்கள் அதிகமானதும், டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சொல்லி ஒரு வெப்சைட் போட்டோம். கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, உடையாமல் போய்ச் சேர்ந்தால் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன். அவ்வளவுதான் சரக்கு.

வெப்சைட் திறந்த அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று திருச்செந்தூர் முருகனிடம் நேர்ந்துகொண்டேன். “இது மட்டும் ஓடிட்டுன்னா, சஷ்டி ஆறு நாளும் உன் சன்னிதியிலயே வந்து கெடக்கேன்.” என் கணவரும் பக்கத்தில் நின்று கேட்டார், தலையாட்டினார். விரதத்துக்குக் கட்ட ஒரு பச்சைச் சேலையும் வாங்கி பீரோவில் வைத்தேன்.

வியாபாரம் ஓடியது. அதுதான் வினையாகிவிட்டது.

எங்கிருந்தோ வந்த ஒரு பெண் கடை வாசலில் நின்று, சுக்குக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே வீடியோ எடுத்துப் போட்டாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. வீட்டு முன்னறை குடோன் ஆயிற்று. சோபா அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் போய் வருஷக்கணக்காகிறது. சொந்தக்காரர்கள் வந்தால் கருப்பட்டிப் பெட்டி மேல்தான் உட்காருகிறார்கள். டேப்பைக் கிழிக்கிற சத்தம் தூக்கத்திலும் கேட்கிறது. வலது மணிக்கட்டு மரத்துப் போய், காப்பி டம்ளரை இடது கையால் எடுக்கப் பழகிவிட்டேன். கருப்பட்டிக்கு மழைக்காற்று ஆகாது, வியர்த்துக் கசிந்துவிடும். ஊரே மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கும்போது நான் மட்டும் வராதே என்று பார்ப்பேன்.

போதாதென்று தினமும் யாராவது கேட்பார்கள், “ஒரிஜினல்தானா மேடம்?” இதற்கு என்ன பதில் சொல்வது? டூப்ளிகேட் என்று சொல்லி விற்பவர் எங்காவது உண்டா? ஆமாங்க, ஒரிஜினல்தாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் சொல்லி வாயும் மரத்துவிட்டது.

ஒரு பெண்கள் கல்லூரியில் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. உண்மையைச் சொன்னால் இடுப்புவலிதான். உழைப்பு என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வருகிற ஆட்டோவிலேயே நான் தூங்கிவிட்டேன்.

வெப்சைட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. சரக்கு தீர்ந்தால் அதை அணைக்க வேண்டும், உடனே ‘ஸ்டாக் இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்துவிடும். கம்ப்யூட்டர் கடைக்காரர் இதைச் செய்து காட்டியபோதே என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“லச்சுமி வார வாசல்ல, செவப்பு எழுத்துல இல்லன்னு எழுதிப் போடவா? அது நல்லாவா இருக்கும்?”

அணைக்கவே இல்லை. பனஞ்சீசன் முடிந்து புரட்டாசிக்கு மேல் நல்ல கருப்பட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐப்பசி பிறந்தால் மழை, மழை பிறந்தால் ஊரெல்லாம் சளி, சளி பிடித்தவர்களுக்கெல்லாம் எங்கள் சுக்குக் கருப்பட்டி ஞாபகம். முதல் வருஷமே சரக்கு தீர்ந்துவிட்டது, ஆர்டர் நிற்கவில்லை. பணம் கட்டியவர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். கடையில் சொல்லுகிற பதிலையே இவர் போனிலும் சொன்னார்.

“சார், இன்னும் பார்சல் வரலையே?” என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்பார்.

“ஆமா சார். வரணும்.”

“எப்ப வரும்?”

“வந்துரும் சார். வரணும்.”

அந்த மனிதருக்கு அதற்கு என்ன அர்த்தம்? பார்சல் கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது, இதோ வந்து சேரும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து அர்த்தம் அவருக்கு எப்படித் தெரியும்? ஓய்வு பெற்றவர், தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கூரியர் பையனை எதிர்பார்த்திருக்கிறார். “சார் வரணும்னு சொன்னதாலதான் மேடம் நின்னேன்” என்று கடைசியில் என்னிடம் குரல் உடைந்து சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு வரிசையாக ஒற்றை ஸ்டார் விழுந்தது, ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதினார்கள். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டைப் பிடித்து நின்றவரிடம் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகாவது சுவிட்சை அணைத்தாரா? இல்லை. அவருக்கு அந்தச் சொல் கையாலும் வராது. சரக்கு தீர்ந்தால் நானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்குவது என்று முடிவாயிற்று. வேலை இரட்டிப்பானது எனக்கு.

தீபாவளி முடிந்ததும் தொடங்குகிற சஷ்டி ஒவ்வொரு வருஷமும் இப்படியே போயிற்று. பச்சைச் சேலை கட்டிய பெண்கள் எங்கள் தெரு முனையில் பஸ் ஏறுவதைப் பெட்டி ஒட்டிக்கொண்டே பார்ப்பேன். பேக்கிங்குக்கு வருகிற இரண்டு பெண்களும் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்கள். அவர்களுக்கு லீவு கொடுக்க நான் இருக்கிறேன், எனக்குக் கொடுக்க யாரும் கிடையாது. சாமி படத்தைப் பார்த்து, “வரணும் முருகா” என்பேன். அந்தச் சொல்லைச் சாமியிடமும் சொல்லிவிட்டோமே என்று ஒரு நாள் உறைத்தது. அவர் எங்கள் பக்கத்துச் சாமி. அர்த்தம் தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் எனக்கு ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. உடம்பு எழுந்திருக்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, மருந்து எழுத ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்றார்கள். அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

“இந்த வருசம் சஷ்டிக்குப் போவுதேன். இப்பவும் போகலன்னா நான் படுத்துருவேன்.”

“போயேன். யாரு வேண்டாம்னா?”

“ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கும்லா? சுவிச்ச அமத்துங்க.”

அவர் சீனி மூட்டையைக் காரணமில்லாமல் நகர்த்தி வைத்தார்.

நானே அணைத்திருக்கலாம்தான். விரலால் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. ஆனால் அடுத்து எந்த மாதம் வியாபாரம் படுத்தாலும் அந்தச் சுவிட்ச் என் தலையில்தான் விழும். அதைவிட, சுவிட்சை அவர் கையால் அணைக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. நான் களைத்துப் போய்விட்டேன் என்பதை அவர் வாயால் யாரிடமாவது சொல்ல வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி வாங்குவதற்கு அது சரக்கா என்ன?

தீபாவளிக்கு மறுநாள் விடிந்தது. பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பையோடு கடைக்கு வந்தேன். அவர் கல்லாவில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவிட்ச் அப்படியே இருந்தது. அப்படியானால் போகவேண்டாம், பையைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர், ஆட்களுக்கெல்லாம் கொடுக்க கருப்பட்டிப் பெட்டிகள் வேண்டும், இந்த வாரமே வேண்டும் என்றார். பெரிய ஆர்டர். இவர் என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். மரத்துப்போன கையிலிருந்து நான் பையை மறு கைக்கு மாற்றுவதைப் பார்த்தார்.

“வர…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“இல்ல சார்.”

“ஸ்டாக் இல்லையா?”

“இல்ல. ஒண்ணும் இல்ல. வீட்டுல அவங்களுக்கு முடியல, ரொம்பக் களச்சிப் போயிட்டாங்க. ஆறு நாளைக்கு எதுவும் இல்ல சார்.”

அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். கடைசியில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கல்லாவில் செருகினார். “பஸ்ஸ விட்டுராத” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆறுமுகநேரி உப்பளங்கள் பஸ் ஜன்னலில் வந்து போயிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். திருச்செந்தூரில் கோயிலுக்கு வெளியே போட்டிருந்த பந்தலில் பாயை விரித்தேன். பக்கத்துப் பாயில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா. தீபாராதனைக்கு என்னைத் தட்டி எழுப்புவதே அவர்களுக்கு வேலையாகிப் போனது.

“விரதம் இருக்க வந்தியா, தூங்க வந்தியா தாயி?” என்றார்கள்.

“ரெண்டுக்கும்தான் அக்கா.”

“தூங்கு தூங்கு. முருகன் எங்க போகப்போறான்.”

கூட்டத்தோடு நின்று கும்பிட்டேன். ‘வந்துட்டேன்’ என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கடல்காற்று பந்தலை ஆட்டிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து மறுபடி படுத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் போன் போட்டார். அதுவரை கடைப் பேச்சே எடுக்கவில்லை, பால் குடித்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்று நானே கேட்டேன்.

“கடை எப்படி ஓடுது?”

“கேக்குத ஆளுக்கெல்லாம் இல்லன்னு சொல்லுதேன். பழகிட்டு. நேத்து ஒருத்தரு சீனி கேட்டாரு. மூட்ட அங்கன பிரிக்காம கெடக்கு, என் வாயில இல்லன்னு வந்துட்டு.”

சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

“காலையில மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா பேசுனாங்க” என்றார். “சரக்கு கேக்கல. ஒன்னத்தான் கேட்டாங்க, அக்கா இல்லையான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“அதுக்கு எப்படிளா அந்தச் சொல்லச் சொல்ல? வரணும்னு சொல்லிட்டேன்.”

எங்கள் கடைப் பேச்சில் அதற்கு ‘இல்லை’ என்றுதான் அர்த்தம். ஆனால் அவர் சொன்னபோது எனக்கு அப்படிக் கேட்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாரே அந்தச் சென்னைக்காரர், அவருக்குக் கேட்டது போல, இதோ வந்துவிடுவாள் என்று கேட்டது. வெகு நேரம் அழுதேன். பக்கத்துப் பாயில் இருந்த அம்மா எதுவும் கேட்காமல் விசிறியை என் பக்கம் திருப்பி வீசினார்கள்.

“ஏளா, இருக்கியா?” என்றார் அவர்.

“இருக்கேன்” என்றேன். “இன்னும் ரெண்டு நாள் கெடக்கு. இருந்துட்டுத்தான் வருவேன்.”