கிளெனிஸ் பிரீஸுக்கு அடித்த மணி

கிளன்ஸ்டோ கிராமத்தில் கிளெனிஸ் பிரீஸ் சொன்னால் சொன்னதுதான். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஊராருக்கும் இல்லை. இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆப்பிள் தோட்டக் கூலிக்காரரின் மகள். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவள். இந்தப் பள்ளத்தாக்கில் இன்று நரை விழத் தொடங்கியிருக்கும் ஆண்களும் பெண்களும் சின்ன வயதில் அவளிடம் "உட்காரு" என்று அதட்டல் வாங்கியவர்கள்தான். பதினேழு வயதில் ஒரு சுருட்டைமுடிப் பையனைப் பார்ப்பதற்காகவே சர்ச் கோபுரத்தில் மணி இழுக்கப் போனாள். பையன் கனடாவுக்குப் போய்விட்டான்; மணிக்கயிறு அவள் கையிலேயே தங்கிவிட்டது. பிறகு பால் லாரி ஓட்டிய டெரெக்கைக் கட்டிக்கொண்டாள். டெரெக் அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் இரண்டு பேர் பேசுவதற்கு இடமில்லை என்பது அவனுக்குக் கல்யாணத்தன்றே புரிந்திருக்கும். அவன் இறந்த பிறகு அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். வெறும் வீட்டில் அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஆறு மணிகளுக்கும், அவற்றை இழுக்கும் ஆறு பேருக்கும் அவள்தான் தலைவி. இன்னொரு வேலையையும் அவளாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் யாராவது இறந்தால் வீடு வீடாகப் போன் செய்வது அவள்தான். யார் போனது, அடக்கம் என்றைக்கு, சாண்ட்விச் யார் கொண்டு வருவது, முக்கியமாக யார் கேக் கொண்டு வரவே கூடாது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். அடக்கத்தன்று மணிகளின் நாக்கில் ஒரு பக்கம் தோல் கட்டுவார்கள். ஒரு அடி கணீரென்று விழும். அடுத்த அடி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். அந்த ஓசை கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இலையுதிர் காலம் வந்தால் எங்கள் மாவட்டத்தில் கலைவிழா. மூன்று வாரம் ஊர் ஊராக நடக்கும். சர்ச்சில் கச்சேரி, களஞ்சியத்தில் ஓவியம், பூட்டிக் கிடந்த பழைய மாவு ஆலையைத் திறந்து காட்டுவது, ஆப்பிள் பிழிவது. தொடக்கக் கச்சேரி மட்டும் எப்போதும் நகரத்தில்தான். போன குளிர்காலத்தில் நடந்த விழாக் கூட்டத்தில் கிளெனிஸ் எழுந்து நின்றாள்.

"இந்த வருஷம் தொடக்கம் எங்க ஊர்ல."

விழா அமைப்பாளர் ஃபெலிக்ஸ் ஹார்கோர்ட் நல்ல மனிதர். கழுத்துத் துண்டை ஆகஸ்ட் மாதத்தில்கூடக் கழற்றமாட்டார். தயங்கித் தயங்கிப் பேசினார். "கிளெனிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் உங்க சர்ச்சில கடைசி ரெண்டு வரிசைதான் நிறைஞ்சது."

"எங்க ஊர்க்காரங்க பின்னாடிதான் உட்காருவாங்க. அது மரியாதை."

"முன்னாடி ஒருத்தருமே இல்லையே."

"இந்த வருஷம் வருவாங்க. மணி அடிக்கிறது நான். வராம எங்க போவாங்க?"

சரி என்றார் ஃபெலிக்ஸ். ஆனால் இந்தத் தடவையும் காலி இருக்கைகளுக்கு வாசிக்க வேண்டியிருந்தால் விழா இனி கிளன்ஸ்டோ பக்கம் வராது என்பதையும் பூப்போலச் சொல்லிவைத்தார். கிளெனிஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தேதியைப் பார்த்தாள். அதே சனிக்கிழமை, அதே நேரத்தில், சர்ச் இருக்கும் மலைக்கு அடியில், ஊர்ப் பொதுக்கூடத்தில் காய்கறிப் போட்டி. வெங்காயம், பூசணி, ஜாம், மூன்று சமமான கேரட். எங்கள் ஊரில் ஒருவன் மனைவியின் பிறந்தநாளை மறப்பான், வெங்காயப் போட்டியை மறக்கமாட்டான். அதை நடத்துவது தெல்மா வாட்கின்ஸ். கிளெனிஸும் அவளும் ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு.

கிளெனிஸ் போய்த் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டாள். கேட்டாள் என்று அவள்தான் சொல்கிறாள்.

"எங்கப்பா காலத்துலேருந்து அதே சனிக்கிழமைதான். நீ வேணும்னா உன் பாட்டுக்காரங்கள ஒரு வாரம் ஊறப் போடு" என்றாள் தெல்மா.

"ஒரு வெங்காயம் ஒரு நாள் காத்திருக்காதா?"

"காத்திருக்கும். நான் காத்திருக்கமாட்டேன்."

அதோடு பேச்சு அறுந்தது. வசந்தம் போய்க் கோடையும் போய்விட்டது. இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை ஐவர் என்ற ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். ஐவர் ஆடு வளர்ப்பவர், கோபுரத்தில் கனத்த மணியை இழுப்பவர். இரண்டு பேருடைய வசவையும் பாதியாகக் குறைத்துச் சொல்லும் நல்ல குணம் அவருக்கு உண்டு.

விழா வாரத்தின் வியாழக்கிழமை முதியவர் சிரில் ஹாட்ஜஸின் அடக்கம். வழக்கம்போலத் தோல் கட்டினார்கள், மணி அடித்தார்கள். முடிந்ததும் கிளெனிஸ், "ஐவர், தோலை அவிழ்த்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. மூன்று மணிக்குக் கச்சேரி, இரண்டரைக்கே மணி அடிக்கத் தொடங்க வேண்டும். வயலினும் செல்லோவுமாக நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். சர்ச் ஹீட்டர் டிராக்டர் போலச் சத்தம் போடும் என்பதால் அதை அணைத்துவிட்டு, விரல் இல்லாத கையுறை போட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கைகளில் ஃபெலிக்ஸ், போதகர் அம்மா, வெளியூர்த் தம்பதி ஒன்று. அவ்வளவுதான். ஊர் முழுக்க மலையடியில் வெங்காயத்தைச் சுற்றி நின்றது.

"எனக்கு ஒண்ணும் பயம் இல்ல" என்றாள் கிளெனிஸ். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருக்கலாம்.

கோபுரத்தடியில் திரையை இழுத்துவிட்டு ஆறு பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். மணிகள் ஆடி ஆடி மேலே ஏறின. முழு வீச்சுக்கு வந்து முதல் சுற்று விழுந்தது. ஆறும் கணீர். அடுத்த சுற்று விழுந்தது. ஆறும் சுவருக்கு அந்தப் பக்கம்.

கிளெனிஸ் கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள். "ஐவர்!"

"நீ அவிழ்க்கலையா?"

"உன்னைத்தானே அவிழ்க்கச் சொன்னேன்!"

"சொன்ன. ஆனா நான் செஞ்ச வேலை எதை நீ அப்படியே விட்டிருக்க? வாசலைப் பூட்டினா திரும்பப் பூட்டுவ, நாற்காலி போட்டா திரும்பப் போடுவ. எப்படியும் நீ ஏறிப் பார்ப்பேன்னு நான் ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிட்டேன்."

அது உண்மைதான். தோலை எடுக்க வேண்டுமென்றால் ஆறு மணிகளையும் இறக்கி நிறுத்தி, ஏணி ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதற்குள் மூன்று தாண்டிவிடும்.

"நிறுத்திடலாமா?" என்றார் ஐவர்.

"எதுக்கு? மங்கினாலும் மணி மணிதான். இழுங்க!"

இழுத்தார்கள். கிளெனிஸ் ஒரு தவறான அடிகூட விழவிடவில்லை. ஆனால் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கு அழைக்கப் போய் ஒப்பாரி வைப்பது போல இருக்கிறதே, இதைக் கேட்டு யார் கச்சேரிக்கு வருவார்கள்? நான் அதட்டினால் பயப்படுவார்கள், சரி. ஆனால் நான் கூப்பிட்டால் வருவார்களா? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி அவளுக்கு இப்போதுதான் வந்தது. வந்ததும் அது அவளை மிகவும் வாட்டியது.

கடைசிச் சுற்று முடிந்து, மணிகளை நிறுத்தி, கயிற்றைச் சுருட்டி மாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

சர்ச் நிறைந்திருந்தது.

பின் வரிசை, நடு வரிசை, பக்கவாட்டில் நிற்க இடம் இல்லை. ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். போட்டிக்குக் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை ஒருத்தி அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எங்கள் ஊரில் பிஷப் வந்தாலும் உட்காராத முதல் வரிசையில், ஏப்ரனோடு, கோட்டுகூட இல்லாமல், தெல்மா உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

கிளெனிஸைப் பார்த்ததும் தெல்மா அலறிவிட்டாள்.

"அடி பாவி! நீ சாகலையா?"

"நான் எதுக்குடி சாகணும்?"

"சாவு மணி அடிச்சுதே! யார் வீட்டுக்கும் போன் வரல. ஆள் போனா போன் பண்றது நீ. போன் வரலன்னா என்ன அர்த்தம்? போன் பண்ற ஆளே போயிட்டான்னுதானே? கூடத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம். நடுவர் வெங்காயத்தைக் கையில தூக்கினவர் அப்படியே வச்சிட்டார். நான் இந்த மலையை ஓடியே ஏறினேன்டி, சனியனே! என் முட்டி போச்சு!"

சொல்லிக்கொண்டே அவள் கிளெனிஸின் கையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாளா அணைக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

கிளெனிஸ் கூட்டத்தைப் பார்த்தாள். கேக் கொண்டு வரக் கூடாது என்று அவள் தடை போட்ட மார்ஜரிகூட அழுதுகொண்டிருந்தாள். இப்படி ஒரு சந்தோஷம் டெரெக் போன பிறகு அவளுக்கு வந்ததில்லை. அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாளா?

"நான் சாகல" என்றாள், சர்ச் அதிர. "அதுல வருத்தப்படுறவங்க எழுந்து போகலாம். மத்தவங்க உட்காருங்க. கச்சேரி ஆரம்பிக்கப் போகுது. கேக்கை இடைவேளைக்கு வைங்க."

சிரிப்பு எழுந்தது, அழுகையும் அதிலேயே கலந்துவிட்டது. ஒருவரும் போகவில்லை. செல்லோக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வில்லை எடுத்தாள். அன்று அவர்கள் வாசித்த வாசிப்பு இருக்கிறதே, அழுது முடித்தவர்கள் காதில்தான் அப்படி இறங்கும். கதவோரம் நின்றிருந்த பண்ணையாட்கள்கூட அசையவில்லை.

முதல் பகுதி முடிந்து கைதட்டல் ஓயவே இல்லை. ஃபெலிக்ஸ் கழுத்துத் துண்டு அவிழ்ந்தது தெரியாமல் ஓடி வந்தார். "கிளெனிஸ், அடுத்த வருஷமும் தொடக்கம் இங்கதான். முடிவு பண்ணிட்டேன். ஆனா இவ்வளவு கூட்டம் மறுபடி வர என்ன பண்ணணும்?"

"அவ மறுபடி சாகணும்" என்றார் ஐவர், கேக் மென்றபடி.

கிளெனிஸ் முதல் வரிசையில் தெல்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். தெல்மா மறுக்கவில்லை. முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, மேடையைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள்:

"அடுத்த வருஷம் போட்டியை ஞாயித்துக்கிழமை வச்சிக்கிறேன். என்ன இப்ப?"

"வேண்டாம். உன் சனிக்கிழமை உனக்கே இருக்கட்டும்" என்றாள் கிளெனிஸ். "நான் கச்சேரியை மாத்திக்கிறேன்."

தெல்மா சட்டென்று திரும்பினாள். கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"கிளெனிஸ், உண்மையைச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னார்?"