உச்சியிலிருந்து தெரிந்த தெரு

எழுதுகிற அளவுக்குப் படித்தவள் இல்லை நான். பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. தமிழ், கோவிலில் மாலை வகுப்பில் கற்றது. தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொரீஷியஸுக்குச் சுதந்திரம் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ரிவியேர் நுவார் பக்கம் நடந்தது இது. அங்கே மழை குறைவு. முள்ளும் பாறையுமாக ஒரு மொட்டை மலை. அதன் அடிவாரத்தில் இருந்த கூலிக் குடியிருப்பில்தான் நான் பிறந்தேன். எனக்கு ஒன்பது வயதில் ஓடை வற்றி எல்லோரும் வெளியேறினோம். கரும்புச் சோகை வேய்ந்த வீடுகள் மண்ணோடு மண்ணாயின. புளியமரத்தடி மாரியம்மன் கல் மட்டும் மிஞ்சியது. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்ப் பொங்கல் வைப்போம்.

அந்த ஆண்டு கரும்புத் தோட்ட மேலாளர் வேட்டைக்கு மான் வளர்க்க வேலி போட வந்தார். அங்கே ஊரே இருந்ததில்லை என்று சாதித்தார். அரசாங்க நில அளவையாளர் பார்க்க வந்தார். ஊர் இருந்த அடையாளம் காட்டினால் அம்மன் கல்லுக்குப் போக வேலிக்குள் பாதை விடுவார்கள். இல்லாவிட்டால் கல்லையும் பெயர்த்துவிடுவார்கள்.

காலை முழுக்க முள்ளுக்குள் தேடினோம். ஒரு சுவர்கூட இல்லை.

“ஊர் எங்கய்யா? மான் தின்னுடுச்சா?” என்று மேலாளர் கிரியோல் மொழியில் கேட்டுச் சிரித்தார்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள் நான். கோவில் தலைவரான என் அண்ணன் காதில் மட்டும், “அண்ணே, மேலே ஏறிப் பார்க்கணும்” என்றேன்.

“சேலையைக் கட்டிக்கிட்டு மலை ஏறுவியா? பேசாம இரு!”

அளவையாளர் திரும்பி, “மதாம் என்ன சொல்றாங்க?” என்றார். எப்படியோ சொல்லிவிட்டேன்: எங்கள் குடியிருப்பில் வீடு கட்டினால், கொல்லையில் கழுவுநீர் விழும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றுவார்கள். கீழே முள்காடு மறைக்கும், மேலிருந்து தெரியலாம்.

“சரி மதாம், வழி காட்டுங்க. என் தொப்பைக்கு நீங்கதான் பொறுப்பு!”

சிறுமியாக விறகு பொறுக்கிய தடத்தில் ஏறினேன்; அளவையாளரும் மேலாளரும் பின்னால் வந்தார்கள். முழங்கால் இரண்டும் பாறையில் சிராய்த்தன. உச்சியில் நின்று பார்த்தால் ஒரே சாம்பல் நிறப் புதர். “போதுமா? இறங்கலாமா?” என்றார் மேலாளர், மூச்சு வாங்கிக்கொண்டே. மனசு கேட்காமல் அடுத்த பாறைக்குத் தவழ்ந்து போனேன்.

அங்கிருந்து தெரிந்தது. புதருக்கு மேலே வெள்ளைப் பூ. ஒரு மரம், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நூல் பிடித்தாற்போல் இரண்டு வரிசை. நடுவில் எங்கள் தெரு, தெருக்கோடியில் புளியமரம்.

“அதோ எங்க வீடு! மூணாவது!” என்று கத்தினேன். அடிவாரத்தில் நின்றவர்களுக்கே கேட்டதாம்.

அளவையாளர் தொப்பியைக் கழற்றினார். “மரம் தானா வரிசை கட்டி நிக்குமா, மிஸ்யே?” என்று மேலாளரைக் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அளவையாளர் தெருவையும் பாதையையும் வரைந்தார். அம்மன் கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இப்போதும் கூட்டம் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஊரே இல்லை என்றவர் முன்னால் என் வீட்டை விரல் நீட்டிக் காட்டிய அந்த நாளை நினைத்தால் தலை தானாக நிமிர்கிறது.

மலை ஏறிய மறுநாள் முழங்கால் வீங்கி, கரும்பு வேலைக்குப் போகவில்லை.