நாலு மணிக்கு ஓடிய பல்ப்பர்: ஏற்காட்டில் எங்கள் கடைசி மேடை

டிசம்பரில் ஏற்காடு போகலாமா, பனி எப்படி இருக்கும் என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். நான் டிசம்பரில் அங்கே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், 1993இல். பிறகு கோடையில் போயிருக்கிறேன், மழையில் போயிருக்கிறேன், டிசம்பரில் போனதில்லை. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்பதால் இத்தனை நாள் தவிர்த்துவந்தேன். இனி கேட்பவர்களுக்கு இந்தப் பதிவையே அனுப்பிவிடலாம்.

நான் போனது சுற்றிப்பார்க்க அல்ல, வாசிக்க. சேலத்தில் எங்களுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. கோதிக் ராக் என்று ஒரு வகை. கறுப்பு உடை, கனத்த பேஸ் கிட்டார், அடித்தொண்டையில் பாடும் ஆள், சாவையும் இருட்டையும் விட்டால் வேறு பேச்சில்லாத பாட்டு. சேலம் வெயிலில் இதற்கு எவன் வருவான் என்று வீட்டில் கேட்டார்கள். எவனும் வரவில்லை. கிளப்புகளுக்கு ஆங்கிலப் பாட்டு வேண்டும், கல்யாணங்களுக்கு சினிமாப் பாட்டு வேண்டும். நாங்கள் தமிழில் சொந்தமாக எழுதிய பதினோரு பாட்டுகளை வைத்துக்கொண்டு நான்கு வருடம் அலைந்தோம்.

பாடுவதும் கிட்டாரும் மோகன். கீபோர்டு எட்வின். பேஸ் நான். டிரம்ஸ்காரன் கல்யாணமாகிப் போய்விட்டான். அதற்குப் பிறகு பெங்களூரில் இரண்டு நாளைக்கு ஒரு டிரம் மெஷினை வாடகைக்கு எடுத்து, எல்லாப் பாட்டுக்கும் தாளத்தைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டோம். மேடையில் கேசட் ஓடும், நாங்கள் அதோடு வாசிப்போம்.

மோகனுக்கு இரண்டு விதிகள். பாட்டில் ஒரு சுரம் பிசகினாலும் மேடையிலேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். அப்படி நிறுத்திய பாட்டை முழுதாக முடிக்காமல் மேடையை விட்டு இறங்கமாட்டான், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் ஒரே பாட்டை ஐந்து முறை நிறுத்தினான். நான்காவது தடவை செருப்பு வந்தது. ஆறாவது தடவை, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருக்காக அதை முழுதாக வாசித்துவிட்டு இறங்கினோம். இதை விடாமுயற்சி என்று சிலர் மெச்சினார்கள். மெச்சியவர்கள் யாரும் மேடையில் நிற்கவில்லை.

நான் கோவையில் எலெக்ட்ரிக்கல் படித்தவன். ஓசூரில் கிடைத்த வேலையை இதற்காக விட்டவன். அதனால் மின்சாரம் என் பொறுப்பு. ஆம்ப்ளிஃபயர்களும் கேசட் டெக்கும் கெடாமலிருக்க ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தோம். பதினான்கு கிலோ. நான்கு வருடம் அதைப் பஸ் கூரைக்கு ஏற்றியதும் இறக்கியதும் நான். மோகன் தன் கிட்டாரைத் தவிர எதையும் தூக்கியதில்லை. விரல் கெட்டுவிடுமாம்.

அந்த வருடம் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வாசிக்க அழைப்பு வந்தது. முதலாளியின் விருந்தாளியாகப் பெங்களூரிலிருந்து கேசட் கம்பெனி நடத்தும் ஒருவர் வருகிறார், பிடித்திருந்தால் எங்கள் பாட்டுகளைக் கேசட்டாகப் போடுவார் என்று சொல்லியிருந்தார்கள். கேசட் வந்தால் குழுவில் தொடர்வது, வராவிட்டால் தை மாதம் வேலைக்குப் போவது என்று நான் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மோகனுக்கும் அது தெரியும்.

சேலம் பேருந்து நிலையத்தில் காலை 7.40 பஸ். ஏற்காடு முப்பது கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் இருபது, டிக்கெட் அன்று ஆறு ரூபாய். மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள் கறுப்பு கட்டும் மாதம் அது. நாங்கள் மூவரும் தலை முதல் கால் வரை கறுப்பு, தாடி வேறு. ஏறியதுமே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் மோகனின் கிட்டார் பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, இருமுடி இத்தன நீளமாவா கட்டியிருக்கீங்க?"

"இது கிட்டாருங்க."

"கிட்டாரா? அப்ப சபரிமலைக்கு இல்லீங்களா?"

"ஏற்காட்டுக்குங்க. கச்சேரி."

"அட, கச்சேரிக்கா இந்தக் கோலம்? எந்திரிங்க, அந்தப் பெரியவருக்கு எடத்த விடுங்க. பொட்டிக்கு அர டிக்கெட்டு."

அடிவாரம் தாண்டிய பிறகு பத்தாவது வளைவு வரை வெயில் இருந்தது. அதற்கு மேல் பனி. எதிரே வரும் வண்டியின் விளக்கு தெரிவதற்கு முன் ஹாரன் கேட்டது. எட்வின் ஜன்னலோரம் வாந்தி எடுத்தான். 9.05க்கு ஏரி அருகே இறங்கினோம். டீ ஒரு ரூபாய். எஸ்டேட் ஜீப் 10.30க்கு வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, கீழே பழம் சிவந்த காபிச் செடி. பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார் டிரைவர், நாற்பது நிமிடம் ஆனது. ஜீப்பிலிருந்து சாமான்களை இறக்கும்போது மோகன் எண்ணிப் பார்த்தான்.

"ஸ்டெபிலைசர் எங்கடா?"

"பழுது. மலையில கரண்ட் நல்லாத்தான் இருக்கும்," என்றேன்.

மேடை என்று தனியாக எதுவும் கிடையாது. காபி காயவைக்கும் சிமென்ட் களத்தின் ஒரு மூலையைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். களத்தின் மறுகோடியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் ரைட்டர் பழனியப்பன் எங்களுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தது அந்தக் கொட்டகையிலிருந்துதான். இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மோகன் சிரித்தான். மேடைக்கு முன்னால் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

3.40க்கு ஆரம்பித்தோம். முதலாளி குடும்பம், விருந்தாளிகள், பக்கத்து எஸ்டேட்காரர்கள் என்று முப்பது பேர். பெங்களூர்க்காரர் முதல் வரிசையில் மப்ளரோடு இருந்தார். பனி களத்துக்கு வந்து எங்கள் முழங்கால் உயரத்தில் நின்றது. பெரிய ஊர்களில் இதற்குப் புகை மெஷின் வைக்கிறார்கள். முதல் பாட்டு பிசகில்லாமல் முடிந்தது. பெங்களூர்க்காரர் முதலாளியிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டாவது, "மூடிய கிணறு". எங்கள் பாட்டுகளில் மோகன் உயிரை வைத்திருந்தது அதில்தான். நான்கு வருடமாக எந்த மேடையிலும் அவன் மனத்துக்கு நிறைவாக அமையாத பாட்டும் அதுதான்.

சரியாக நாலு மணிக்குக் கொட்டகையில் பல்ப்பர் ஓட ஆரம்பித்தது. காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின். அதன் மோட்டார் கரண்டை இழுத்ததில் எங்கள் ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கியது, டெக் மெதுவானது, கேசட்டிலிருந்த தாளம் இழுத்தது. மோகன் கையைத் தூக்கி நிறுத்தினான். முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி இழுத்தது. மறுபடி நிறுத்தினான். மூன்றாவது முறை கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அரை மணி நேரம் மெஷினை நிறுத்துங்க," என்றான் ரைட்டரிடம்.

"அதெப்படிங்க தம்பி? இன்னைக்குப் பறிச்ச பழத்த இன்னைக்கே அரைக்கோணுங்க. நாளைக்கு வெச்சா நாத்தம் புடிச்சுக்கும். அப்பறம் கப்புல நாறும், மொதலாளி என் தோல உரிச்சுப்போடுவாரு."

"எப்ப முடியும்?"

"நாப்பது மூட்ட கெடக்குது. ஆறு மணியாவுமுங்க."

"அப்ப ஆறு மணிக்கு வாசிக்கிறோம்."

பெங்களூர்க்காரர் ரயிலைப் பிடிக்க ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும், மோகனுக்கும் தெரியும். மேடைக்குத் திரும்பியதும், தாளம் கொஞ்சம் மெதுவாகப் போனால் போகட்டும், அதோடு வாசிப்போம் என்று கெஞ்சினேன்.

"தப்பா வாசிச்சுக் கேசட் வாங்கறதுக்கு, நீ தை மாசம் வேலைக்கே போ."

முப்பது பேருக்கு முன்னால் சொன்னான். எட்வின் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் டீ குடித்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், குளிர்கிறது என்று உள்ளே போனார்கள். பெங்களூர்க்காரர் 5.10க்குக் காரில் ஏறினார். எங்கள் பக்கம் கை காட்டினார், அல்லது கண்ணாடியைத் துடைத்தார். பனியில் தெரியவில்லை.

ஜீப் டிரைவர் வந்து, ஆறு மணி வரைக்கெல்லாம் நிற்க முடியாது, பனி இன்னும் இறங்கினால் ரோடு தெரியாது, அஞ்சே முக்காலுக்குக் கிளம்பியே ஆகவேண்டும் என்றார். பல்ப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திய பாட்டை முடிக்காமல் மோகன் இறங்கமாட்டான். கிட்டாரை மாட்டிக்கொண்டான்.

"டேப்பு எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும். முடிச்சிட்டுக் கிளம்பலாம்," என்றான்.

நான் கேட்டது இதைத்தான். ஒரு மணி நேரம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் முன்வரிசையில் ஆள் இருந்திருக்கும். இருபத்தைந்து வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

வாசித்தோம். இழுத்த தாளம் தணிந்து, கனத்து, ஆழத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் வந்தது. அந்த வேகத்தில் என் பேஸுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. மோகன் வழக்கமாக விழுங்கிவிடும் சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "மூடிய கிணற்றுக்குள் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள்" என்ற வரியில் அவன் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்துவான் என்று நான் விரலை எடுக்கப் போனேன். அவன் நிறுத்தவில்லை. ஏழே கால் நிமிடப் பாட்டு எட்டரை நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். நான்கு வருடத்தில் அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவைதான் பாட்டாக இருந்தது. அதைப் பதியவும் வழியில்லை. எங்களிடம் இருந்த ஒரே டெக்கில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டவர்கள் ரைட்டரும், பழம் பொறுக்கும் இரண்டு பெண்களும், பல்ப்பரில் பழம் கொட்டுகிறவரும். ரைட்டர் முதலில் வாயைத் திறந்தார்.

"நொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தாப்புல இருக்குது."

எங்கள் குழுவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் சொல்லியிருக்க முடியாது. பெண்களில் மூத்தவர் கூடையை இடுப்பில் இறக்கிக்கொண்டு மோகனிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, கெணத்துக்குள்ள கெடக்கறது யாரு? கடசீல தண்ணி குடுத்தாங்களா இல்லியா?"

மோகன் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். அந்தப் பாட்டை எழுதியவன் அவன். நான்கு வருடத்தில் அதை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

இரவு ஏரி அருகே லாட்ஜ், மூவருக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய், போர்வை நாற்றம். காலை 7.10 பஸ்ஸில் மலை இறங்கும்போது மோகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"கண்டுபிடிச்சுட்டேன். நாலு வருஷமா நாம வாசிச்ச வேகம்தான் தப்பு. நேத்து எத்தனை வோல்ட் இருந்திருக்கும்? சொல்லு, அதே வேகத்துல தாளத்தைத் திரும்பப் பதிஞ்சுடலாம்."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஸ்டெபிலைசரின் முகப்பில் வோல்ட் காட்டும் ஒரு முள் உண்டு. அது இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பேன். அது இருந்திருந்தால் டெக் இழுத்தே இருக்காது.

மோகன் அந்த வேகத்தை ஆறு மாதம் தேடினான். டெக்கைப் பிரித்தான், மோட்டாரைத் திருகினான், ஒவ்வொரு ஞாயிறும் வாசித்துப் பார்த்து "இது இல்ல" என்றான். எட்வின் துபாய் போனான். தை மாதமே வேலைக்குப் போயிருந்த நான் ஞாயிறு வருவதையும் நிறுத்தினேன். மோகன் தனியாகத் தேடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு நான் விசாரிக்கவில்லை.

டிசம்பரில் போகிறவர்களுக்கு: மதியம் இரண்டுக்கு மேல் பனி இறங்கும், அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். மலையிலிருந்து இறங்குவதை இருட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு குமட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் ஏரிப் பக்கத்தை விட்டுவிட்டு வாழவந்தி, கொட்டச்சேடு என்று கிராமத்துப் பஸ்ஸில் போங்கள். நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள், திரும்பும் பஸ் குறைவு. அறுவடைக் காலத்தில் எஸ்டேட்டுக்குள் அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். சாயங்காலம் பல்ப்பர் ஓடும் சத்தம் கேட்டால், நல்ல காபி எப்படி வருகிறது என்று ரோட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். மின்சாரச் சாமான் கொண்டுபோகிறவர்கள் ஸ்டெபிலைசரோடு போங்கள், எத்தனை கிலோவானாலும்.

மோகன் இணையத்தில் எதையும் படிக்கிற ஆள் இல்லை. படித்தால், அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர் அன்று பழுதாகவில்லை. அன்று காலை அதைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். இப்போது என் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஓடுகிறது. முள் சரியாகவே காட்டுகிறது.