ஜீப்புக்கு எத்தனை இஞ்ச் பைப்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் என் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. என் மனைவி சரோஜா டிபன் கூடையோடு வந்தாள். ஜீப்பைத் தாண்டிப் போனாள். ரோட்டோரம் நின்று, சிறுமலை பஸ்ஸுக்குக் கை காட்டினாள்!

“சரோஜா, வண்டி இங்க நிக்குது…”

“தெரியுது. ஊருக்கே தெரியுது. நான் பஸ்ஸுல போறேன், நீங்க உங்க பைப்போட வாங்க.”

பஸ் வந்தது. ஏறினாள். போயே போய்விட்டாள்.

சிறுமலையில் எங்களுக்குக் கொஞ்சம் வாழையும் மிளகும் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் இருவரும் சேர்ந்துதான் மலையேறுவோம். அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் ஓட்டிக்கொண்டே போவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு வேறு சினிமா, பீச் எதுவும் கிடையாது. இனிமேல் அந்தப் பக்கத்து சீட் காலியாகத்தான் மலையேற வேண்டுமா?

எல்லாம் ஒரு சைலன்சர் பைப்பால் வந்தது.

என்னுடையது டர்போ டீசல் ஜீப். தோட்டத்துச் சேற்றிலும் கல்லிலும் அடிபட்டு, பழைய பைப் துருப்பிடித்து நசுங்கிவிட்டது. மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. நாகல் நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாண்டியிடம் கொண்டுபோனேன். குனிந்து பார்த்தான்.

“இருந்தது ரெண்டு இஞ்ச்ணே. டர்போ வண்டிக்குப் புகை சட்டுனு வெளியேறணும். ரெண்டரை போடலாம். மூணு தாராளம்.”

“நாலு போடு.”

“நாலா? லாரிய எங்கண்ணே நிப்பாட்டியிருக்கீங்க?”

“ஏலே அப்பு… பைப்பப் பத்தி எனக்கே பாடமா?”

கேட்டதில் என்ன தப்பு? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் – நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நத்தத்திலிருந்து வேடசந்தூர் வரை எத்தனை தோட்டத்துக்குத் தண்ணீர் லைன் இழுத்திருக்கிறேன்! இன்ஜினீயர்கள் பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கடைசி மடையில் தண்ணீர் பாய்ச்சிவிடுவேன். என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். பைப் பெரிசாக இருக்கணும், நடுவில் தடங்கல் இருக்கக் கூடாது. மோட்டார் திணறாது. கிணற்று மோட்டாருக்குப் பொருந்துவது ஜீப்புக்குப் பொருந்தாதா?

பாண்டி, சத்தத்தை அடக்குகிற சைலன்சர் டப்பாவைக் கையில் எடுத்தான்.

“அது எதுக்கு?” என்றேன். “லைனுக்கு நடுவுல இம்புட்டுப் பெரிய டப்பாவ வச்சா தண்ணி எப்படிப் போகும்?”

“தண்ணி இல்லண்ணே. புகை.”

“ரெண்டும் போறதுதானப்பா. தூக்கிப் போடு.”

போட்டான். நாலு இஞ்ச் பைப், டப்பா கிடையாது, நேர் லைன். நான் சொன்னால் சொன்னதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிறு சரோஜாவோடு சிறுமலைக்கு வண்டி ஏறிய ஏற்றம் இருக்கிறதே… அப்படி ஒரு இழுவை! முதல் கொண்டை ஊசியில் குரங்குகள் எல்லாம் மரத்துக்கு ஓடின. சத்தம்? தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு ரைஸ் மில் ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

சரோஜா ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அடுத்த வளைவில் என் தோளைத் தட்டி மறுபடியும் சொன்னாள். வண்டியைப் பாராட்டுகிறாளாக்கும் என்று இன்னும் பலமாகத் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அதற்கடுத்த வளைவில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக் போடுவதற்குள்… டேஷ்போர்டு, கியர், என் வேஷ்டி, எல்லாம் போச்சு.

“வாந்தி வருது, வண்டிய நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். பல்லைக் காட்டிக்கிட்டு தலையாட்டுறீங்க?”

“கேக்கலயே சரோஜா…”

“கேக்காத வண்டியில எனக்கு என்ன வேலை?”

சொன்னபடியே அடுத்த ஞாயிறு, அதாவது போன ஞாயிறு, பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டாள்.

நானும் விடவில்லை, பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். அந்த ரோட்டில் பஸ்ஸை முந்த முடியுமா? அவ்வளவு பவரையும் வைத்துக்கொண்டு, மலை உச்சி வரை பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே ஏறினேன். ஜன்னலோரம் சரோஜா தெரிந்தாள். பக்கத்து சீட்டுப் பெண்ணோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அப்படி என்னதான் சொல்கிறாள்? என்னைப் பற்றியா? எனக்கு வயிறு எரிந்தது சாமி.

போதாக்குறைக்கு, ரோடு முடிந்து தோட்டத்துப் பாதையில் இறங்கியதும் அந்த நாலு இஞ்ச் பைப் பாறையில் இடித்து ‘டங்’ என்றது.

மறுநாள் சரோஜாவிடம், “செத்த நேரம் வந்து உக்காரு, போதும்” என்று கெஞ்சி ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போனேன். பாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மூணுக்கு மேல போனா சத்தந்தாண்ணே கூடும். அடியில வேற தட்டும்” என்றான்.

“மூணு போடு. ஆனா டப்பா வேண்டாம்.” எடுத்த எடுப்பில் விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா?

வெல்டு வைக்காமல், இப்போதைக்குக் கிளாம்ப் போட்டு மாட்டினான். சரோஜாவை அவள் சீட்டில் உட்கார வைத்து, நான் ஸ்டியரிங் பிடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். “ஏதாச்சும் பேசு!” என்று கத்தினேன். அவள் வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

“சரி… டப்பாவை வை” என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

வைத்தான். மறுபடி மிதித்தேன். இன்ஜின் திமிறியது, இழுவையும் குறையவில்லை. சரோஜா இந்த முறை என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

“வண்டியச் சோதிக்கப் பொண்டாட்டிய உக்கார வச்ச கிறுக்கன் இந்தத் திண்டுக்கல்லயே இந்த மனுசன் ஒருத்தருதான்.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“பாண்டி,” என்றேன், “இதையே வெல்டு பண்ணிரு!”