மான் ஏறி வந்த சரிவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றில் நான் சூப்பர்வைசர். வேப்பூர் போகும் வழியில், காப்புக்காட்டை ஒட்டி நானும் கணவரும் ஒரு ஏக்கர் நிலம் வாங்கியிருந்தோம். அதில் ஒரு பழைய கிணறு. குட்டை போல அகலம், இரண்டு ஆள் ஆழம். மூன்று பக்கம் செங்குத்து. மேற்கில் மட்டும் தண்ணீர் வரை இறங்கும் மண்சரிவு.

அந்தச் சரிவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். நாலு தென்னை வைக்கிற இடம் வீணாகிறதே! எங்கள் ஊரில் பள்ளம் என்றால் பீங்கான் உடைசலைக் கொட்டித் தூர்த்துவிடுவோம். நானும் யூனிட்டிலிருந்து இரண்டு டிராக்டர் உடைசலைக் கொண்டுவந்து அந்தச் சரிவில் கொட்டினேன். எங்களுக்கு நிலம் விற்ற வீட்டு அக்கா, பக்கத்து எள்ளுக் காட்டிலிருந்து ஓடி வந்தார்.

"அத மூடாதீங்கம்மா. மானு எறங்குற வழி அது."

"மான் வந்து போக இது என்ன சரணாலயமா அக்கா?" என்று சிரித்தேன். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம். அவர் எள்ளுக் காட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பத்தே நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தால், கிணற்றுக்குள் வயிற்றளவு தண்ணீரில் ஒரு புள்ளிமான். பழகின வழியென்று இறங்கி, உடைசலில் சறுக்கி உள்ளே விழுந்திருக்க வேண்டும். ஏறப் பார்த்து ஏறப் பார்த்து, நான் கொட்டிய உடைசலில் கால் கிழிந்து ரத்தம். வனத்துறைக்குப் போன் செய்தோம். வந்து சேர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். கணவர் கயிறோடு இறங்கப் போனார்.

"இறங்காதீங்க. ஆளு கிட்ட போனாலே பயத்துல செத்துடும்" என்று தடுத்தது அதே அக்காதான்.

'அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மான் கண்ணில் நாங்கள் படாதபடி ஒரு தார்ப்பாயை மறைப்பாகக் கட்டினார். வயலில் வேலை செய்த நாலு பெண்களைக் கூப்பிட்டார். யாரும் வாய் திறக்காமல், கூடை கூடையாக உடைசலை அள்ளினோம். ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி கிடைத்ததும், குளம்பில் குத்தாமல் இருக்க அதன்மேல் சாக்கும் வைக்கோலும் பரப்பினார். பிறகு தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு எல்லோரையும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் துரத்தினார்.

நாங்கள் கொட்டகை ஓரமாக எட்டிப் பார்த்தபடி நின்றோம். வெகுநேரம் கழித்து மான் ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு கால். மேலே வந்து ஒரு கணம் காதை விடைத்துப் பார்த்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கை கழுவும்போதுதான் அக்கா சொன்னார்: "எங்க முப்பாட்டன் வந்தப்ப இதெல்லாம் அடர்ந்த காடும்மா. மானு தண்ணி குடிச்ச பள்ளத்தைத்தான் கிணறா வெட்டுனாங்க. எடத்தை நாம எடுத்துக்கிட்டோம், வழியையாவது வுட்டுடுவோம்னு இந்தப் பக்கம் சரிவா வுட்டாங்களாம்."

அந்த வாரமே மீதி உடைசலையும் அள்ளிவிட்டேன். எங்கள் பத்திரத்தில் கிணறு, மோட்டார், வேப்பமரம் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சரிவைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எங்கும் எழுதி வைக்காத ஒரு வார்த்தையை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம், என் ஒரு ஏக்கருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான்தான் என்பது ஞாபகத்துக்கு வருகிறது.