விசில் வராத பானை

நாக்கின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு புண். பல் உரசியிருக்கும் என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. வேலூரில் அறுவை முடிந்து, வீட்டிலிருந்தே போய்வரும்படி கதிர்வீச்சு தொடங்கியது.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சத்துமாவு டப்பா, வாயில் ஒரு வைத்தியம். “ஒண்ணும் ஆவாது, அண்ணாமலையார் பாத்துப்பாரு” என்று சொல்லிவிட்டு என் எதிரிலேயே மிக்சர் கொறித்தார்கள். இதே நோயில் இருக்கும் உங்களுக்கு என் முதல் அறிவுரை: வாசற்கதவைச் சாத்தி வையுங்கள்.

நான்காவது வாரம் மியூகோசைட்டிஸ் (கதிர்வீச்சால் வாயின் உள்தோல் வெந்து புண்ணாவது) வந்தது. கஞ்சி பசை மாதிரி தொண்டையில் நின்றது. டாக்டர் எடை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னும் ரெண்டு கிலோ கம்மியானா மூக்கு வழியா குழாய் போட்டுடுவேன்மா. எது எறங்குதோ அதைச் சாப்பிடுங்க. காரம் மட்டும் கூடவே கூடாது.” அறுவைக்குப் படுத்திருந்தபோது அந்தக் குழாயைப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் மூக்கில் பார்த்திருந்தேன். நோயைவிட அதற்குத்தான் பயந்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் லான் என்ற வியட்நாம் பெண் குடியிருந்தாள். வெளிநாட்டவர் வந்து தங்கும் ஆசிரமப் பக்கம் மாடியை வாடகைக்கு விடும்போது ‘சைவம் மட்டும்’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். கீழே ஞாயிறுதோறும் எங்கள் கோழிக் குழம்பு கொதிக்கும். என்னால் சாப்பிட முடியவில்லை என்று கேட்டதும், அந்த வெட்கங்கெட்ட விதியை மதித்து, அவள் தன் மின்சாரப் பானையைக் கீழே எங்கள் சமையலறைக்கே கொண்டுவந்தாள். அவர்கள் ஊர் நூடுல்ஸ் சூப்புக்கான எலும்புச் சாறு அதில் எட்டு மணி நேரம் தானாகக் காயும் என்றாள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கோழி எலும்பு எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு, திறக்காதீர்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

என் கணவர் மூன்று மணி நேரம் பொறுத்தார். “விசிலே வரல, எலும்பு எப்பிடி வேகும்?” என்று அத்தனையையும் குக்கரில் கொட்டி எட்டு விசில் விட்டார். அதோடு நின்றாரா? மிளகு இடித்துப் போட்டு, நெய்யில் தாளித்துக் கறிவேப்பிலையும் தூவினார். ஒரு கரண்டி வாயில் பட்டதும் அலறினேன். அன்று முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

“வாசனையா இருக்கட்டும்னு போட்டேன்” என்றார். அந்த மனிதரை அப்போது மனதார வெறுத்தேன்.

அந்த வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்தது. மிச்சம் அரைக் கிலோ.

எடை பார்த்த மறுநாள் காலை லானை அழைத்து மறுபடி வைக்கச் சொன்னேன். பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானே காவல் உட்கார்ந்தேன். அவர் இரண்டு தடவை மூடியைத் தொட வந்தார், இரண்டு தடவையும் முறைத்தேன். பிற்பகலில் லான் சாற்றை வடிகட்டினாள். நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருந்தது. அரிசி நூடுல்ஸ் கிடைக்கவில்லை. அவர் இடியாப்பம் பிழிந்து கொடுத்தார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

ருசி ஒன்றும் தெரியவில்லை. வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தது. ஆனால் இறங்கியது. மூன்று வாரம் தினமும் அதையே குடித்தேன். அந்த அரைக் கிலோ குறையவில்லை. டாக்டர் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டார்.

சிகிச்சை முடிந்து ஒரு வருஷமாகிறது. உமிழ்நீர் ஜாஸ்தி ஊறுவதில்லை. முன்பு விழுங்குவது தானாக நடந்தது. இப்போது தலையைத் தாழ்த்தி, மூச்சை நிறுத்தி, ஒவ்வொரு வாயையும் நானே அனுப்பி வைக்க வேண்டும். அரை மணிச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி ஆகிறது.

இருபத்தாறு வருஷத்தில் என் கணவர் சாப்பாட்டில் எனக்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை. இப்போது தட்டு காலியான பிறகும் எழுந்திருப்பதில்லை.

“கை காஞ்சிடுச்சு பாருங்க, போய்க் கழுவுங்க” என்றேன் நேற்று.

“இருக்கட்டும். நீ முழுங்கு” என்றார்.