பதினோரு போட்டோவும் ஒரு குடையும்

தங்கச்சி ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். நீச்சல் தெரியாமலேயே குடிநீர் நிலையத்தில் வேலை வாங்கினாள். அந்த இடத்துக்கு வந்திருந்த முப்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியும். விரிசல் விட்ட ஒரு போனை வைத்துக்கொண்டு நாலாயிரத்துச் சொச்சம் படம் எடுத்தாள். இரண்டு மெமோவைத் தாண்டினாள். ஆறு வருடம் யாராலும் குறை சொல்ல முடியாத ஒருவரை, குரலை உயர்த்தாமல் சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுப்பினாள். அண்ணனை ஜெயித்ததை இதில் சேர்க்கவில்லை. அது தினமும் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடும்.

அண்ணன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, சுவரில் ஆணி ஆணியாக நூல்கண்டு. கட்டம் போட்ட சட்டைக்குப் பாக்கெட் வைத்தால் கட்டம் கட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அரை நூல் விலகினாலும் பிரித்துவிடுவார். வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் அவர் போனில்தான் இருந்தது. அந்தப் போன்தான் அந்த வருடம் தங்கச்சி அனுப்பிய படங்களால் மூச்சுத் திணறியது.

தங்கச்சியின் வேலை இதுதான். வடிகட்டும் கட்டடத்துக்குப் பின்னால் மைதானம் மாதிரி ஒரு திறந்த தொட்டி. உள்சுவரில் படிகள், படியோரம் ஒரு இரும்புப் பலகை, அதில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய மட்டம். காலை சரியாக எட்டு மணிக்குப் பலகையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட வேண்டும். தற்காலிக வேலை. வருடம் முடியும்போது நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்ஜினியர் முடிவு செய்வார். வீட்டில் இன்னொரு சம்பளம் கிடையாது. மெஷினும் அண்ணனின் கண்ணும் ஒன்றாகவே தேய்ந்துகொண்டிருந்தன.

அவளுக்கு முன்னால் ஆறு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர்தான் இப்போது சூப்பர்வைசர். ஒரு நாள்கூடத் தவறாமல் தெளிவான படம் அனுப்பினார் என்று பாராட்டி மின்விசிறியோடு அறை கொடுத்திருந்தார்கள்.

தங்கச்சி முதல் நாள் அனுப்பிய படத்தில் பலகையே இல்லை. பலகை கிழக்குப் பார்த்தது. எட்டு மணி வெயில் தண்ணீரில் விழுந்து, அப்படியே எகிறிப் பலகை மேல் அடிக்கும். படம் முழுக்கத் தங்கம். அடியில் "மட்டம்: 6" என்று எழுதியிருந்தாள்.

"இது நீர்மட்டமா, நகைக்கடை விளம்பரமா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

இரண்டாம் நாள் படம் முழுக்க வெள்ளி. மூன்றாம் நாள் காற்று அடித்ததால் சிதறிய ஊசிகள். ஆபீஸ் படம் போனதும் உட்கார்ந்து, எழுந்து, படியில் ஏறக்குறையப் படுத்து, தனக்காக இன்னும் பத்துப் பதினைந்து எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானேடி இருக்கு" என்றார் அண்ணன்.

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்தா நான் வேலைய விட்டுடறேன்."

வேலையை விட முடியாது என்பதால் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லைதான். ஆனால் அதைச் சொன்னால் தோற்றதாகிவிடும் என்று சொல்லவில்லை.

முதல் மெமோ வந்தது: எழுதிய எண் ஆதாரம் ஆகாது, படத்தில் எண் தெரிய வேண்டும். நாலு மாதத்தில் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போகும்.

"ஒரு குடையைப் பிடிச்சு நிழல் கட்டினா எண் பளிச்சுனு தெரியும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டே கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தினமும் எட்டு மணிக்குப் பதினாலு பேர் அந்த ஆபீஸ்ல போனைத் திறக்கறாங்கண்ணா. மூஞ்சியப் பாக்கணுமே, ஊறுகாய்ல விழுந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் வெளிச்சம் அடிக்கட்டுமேன்னுதான்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கையில் கத்தரிக்கோல் இருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்த வாரம் சூப்பர்வைசர் குரூப்பில் தன்னுடைய கடைசி வருடப் படங்களை எடுத்துப் போட்டு, "இதைப் பார்த்துக் கத்துக்கோம்மா" என்று எழுதினார். முந்நூற்று அறுபத்தைந்து படங்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனை அண்ணன் முன்னால் போட்டாள். "பாரு. என்ன கிழிச்சிருக்கார்னு நீயே சொல்லு."

மங்கலான வானம், வெயில் இல்லை, எண் தெளிவு. அண்ணன் நகர்த்திக்கொண்டே போனார். நின்றார். பின்னால் போனார். மேகத்துக்குள்ளிருந்து கசிந்த வெளிச்சம் ஏழாம் எண்ணுக்கு இடப்பக்கம் மூன்று நெளிவாக விழுந்து, ஓரத்தில் ஒரு சுழி. ஒன்பது நாள் தள்ளி இன்னொரு படம். அதே மூன்று நெளிவு. அதே சுழி.

"துணியில பிரிண்ட் திரும்பத் திரும்ப வரும்" என்றார் அண்ணன் மெதுவாக. "தண்ணியில எப்படிடி வரும்?"

மதியம் முழுக்க வெட்டும் மேசையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு எண்ணினார். மொத்தம் பதினோரு படங்கள்தான். எண்ணுக்கு ஒன்று. ஏதோ ஒரு மழைக்காலத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டம் எவ்வளவு இருக்கும் என்று தோன்றுகிறதோ அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். ஏழாம் எண் மட்டும் அறுபத்தொரு தடவை.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"இன்ஜினியர் வீட்டுக்கு."

"உக்காரு. மெமோ வாங்கினவ கோள் சொல்றாம்பாங்க. அவரே சொல்லட்டும்."

"அவர் எப்படிச் சொல்லுவார்?"

"கத்துக்கோன்னாரே. கத்துக்கறேன்."

அன்றே குரூப்பில் பணிவாக எழுதினாள்: சூப்பர்வைசர் சார் ஒரு நாள் நேரில் வந்து எடுத்துக் காட்ட வேண்டும், இன்ஜினியர் ஐயாவும் கூட இருக்க வேண்டும், அதற்கப்புறமும் எனக்கு வராவிட்டால் மூன்றாவது மெமோவைக் கையோடு வாங்கிக்கொள்கிறேன். பதினாலு பேர் பார்க்க எழுதியதால் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கு வானத்தில் துணுக்கு மேகம் இல்லை. தொட்டி கொதிக்கிற தங்கமாக இருந்தது. அண்ணனும் குடையோடு வந்து கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றார். கேட்டால் தங்கச்சியின் சாப்பாட்டு டப்பா என்று சொல்லக் கையில் ஒன்று வைத்திருந்தார். அவசரத்தில் எடுத்து வந்தது பொத்தான் டப்பா.

சூப்பர்வைசர் படியில் இறங்கினார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், கண்ணைச் சுருக்கினார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று போனை நோண்டினார். இன்ஜினியர் போனில் மணி அடித்தது.

இன்ஜினியர் படத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மேகம் எங்கய்யா போச்சு?"

"இப்பத்தான் கலைஞ்சுதுங்க."

"தண்ணி?"

படத்தில் ஏழு. காலடியில் நாலு.

"அதுவும் இப்பத்தான் இறங்குச்சோ?"

அண்ணனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சாக்கட்டிக் கணக்கைப் பெயர்த்தெழுதிய தாளை நீட்டினார். இன்ஜினியர் அதைக் கடைசிவரை படித்தார். சூப்பர்வைசர் தன் செருப்பை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. உன்னால எடுக்க முடியுமாம்மா?"

தங்கச்சி அண்ணன் கையிலிருந்து குடையைப் பிடுங்கி விரித்து, பலகைக்கு நிழல் காட்டி, ஒரே அமுக்கு. நாலு பளிச்சென்று விழுந்தது.

இன்ஜினியர் முகம் இறுகியது. "இவ்வளவு சுலபமா? அப்ப இத்தனை நாள் ஏன் செய்யல?"

குடை இப்போதுதான் தோன்றியது என்று ஒரு பொய் சொன்னால் போதும். சொல்லுடி, சொல்லித் தொலை என்று அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார்.

"குடை பிடிச்சா வெளிச்சம் போயிடும் சார்" என்றாள் தங்கச்சி. "உங்க பதினாலு பேர்ல ஒருத்தராவது தினமும் அதைப் பாக்கணும்னு நெனச்சேன். தப்புதான்."

இன்ஜினியர் தண்ணீர்ப் பக்கம் குனிந்தார். வெயில் அவர் தாடைக்கு அடியில் வலை வலையாக ஆடியது.

"கணக்கர் அம்மா உன் படத்தைத்தான் போன் முகப்புல வெச்சிருக்காங்க" என்றார் கடைசியில். "எட்டு மணிக்கு எண்ணை அனுப்பு. எட்டு அஞ்சுக்கு மத்தது. மாத்தி அனுப்பினா மூணாவது மெமோ நிச்சயம்."

மின்விசிறி அறை பூட்டப்பட்டது. சூப்பர்வைசர் பம்ப் கொட்டகைக்குப் போனார். அங்கே அளக்க எதுவும் இல்லை.

அந்த நிலையத்தில் தற்காலிக ஆட்களுக்கு மை டப்பாவும் கட்டைவிரலும்தான். எட்டாவது வரை படித்த தங்கச்சி இரண்டு மெமோவையும் ரேகை வைத்துத்தான் வாங்கினாள். மட்டப் பதிவேட்டில் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை நிரந்தர ஆளுக்கு மட்டும். நிரந்தர உத்தரவு வந்த அன்று மட்டம் ஐந்து. பக்கத்துக் கட்டத்தில், கிறுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினாள்; இடம் போதாமல் கடைசி எழுத்து அடுத்த கட்டத்துக்குள் புகுந்திருக்கிறது. அது 2019 மார்ச் 18, திங்கட்கிழமை.